மூன்றரைத் தொன்

ஹாம் நகர விளிம்பில்
மழை விட்ட சனிக்கிழமை.
ட்ரக்கின் முதுகில் கொளுவி இழுக்கும் பெரிய வீடுதான் வேணுமெண்டு
ஒரு வருடமாய் ஒற்றைக்காலில் நின்றவன் நான்.
"அதற்கு வேறு லைசென்ஸ், புதுப் பரீட்சை"
என்றான் யோர்ன், விற்கிற பெடியன்.
அறுபத்தேழிலா?

சின்ன வானுக்கு எடைக் கணக்குச் சொன்னான்:
தண்ணீர் நூறு கிலோ, காஸ் இருபத்திரண்டு,
நாங்கள் இருவரும் நூற்றைம்பது.
அரிசி மூட்டையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

லோஜினி அடுப்பைப் பார்க்கவில்லை,
கட்டிலையும்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறியவள்
யன்னலைத் திறந்தாள், சாத்தினாள்,
திறந்தாள்.

எண்பத்தாறில் அகதியென்று தந்த கொண்டெய்னரும்
இதேயளவு. ஆறு பேர்.
ஆணி அறைந்த யன்னல்.

"சில்லு நாலும் ஓடுமோ?"
"ஓம்."
"அப்ப இது காணும்."