முப்பது மில்லி ஆம்பியர்

சந்தையில் கோச்சா கேட்டது ஒரே கேள்வி:
இருக்கை சூடாகுமா?
சூடானது.
பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

அமெரிக்காவில் எங்கோ முகம் நசுங்கி,
போத்தி துறைமுகத்தில் கன்டெய்னரைவிட்டு இறங்கி,
வேறொரு காரின் பம்பரை மாட்டிக்கொண்டு
ருஸ்தாவி வந்து சேர்ந்த கருப்பு ஜெர்மன் செடான்.
கதவைச் சாத்தினால் சத்தமே வராது.
அந்த ஒன்றுக்காகவே ஆட்கள் ஏமாறுகிறார்கள்.
நானும் ஏமாந்திருப்பேன்,
கையில் காசு இருந்திருந்தால்.

என் பட்டறைக்கு அது வந்தபோது
பின்பக்கக் கண்ணாடி ஒன்று
கதவுக்குள்ளேயே விழுந்து கிடந்தது.
வால்வு மூடியில் கசிந்த ஆயில்
சூட்டுக் குழாயில் சொட்டி
அடிப்பிடித்த பாத்திர நாற்றம்.
மூன்றுக்கு மேல் ஏற கியருக்கு மனமில்லை.
காற்று சஸ்பென்ஷன் இரவோடிரவாக இறங்கி
விடியும்போது கார்
இடது முழங்காலில் நிற்கும்.
"அதெல்லாம் இருக்கட்டும் லமாரா,
திங்கட்கிழமை ஸ்டார்ட் ஆனால் போதும்."
ஞாயிறு ஓய்வு கொடுத்தால் திங்கள் பிணம்.
இரண்டு மாதத்தில் மூன்றாவது பேட்டரி.

எதுவோ ஒன்று திருட்டுத்தனமாகக் குடிக்கிறது.
எது என்று பார்க்க
முதலில் கார் தூங்க வேண்டும்.

கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி
மூடியாயிற்று என்று நம்பவைத்தேன்.
சாவியை எதிர்சாரி ரொட்டிக்கடையில்
சியாலாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்;
அருகில் இருந்தால் விழித்துக்கொள்ளும்.
பிறகு நாற்பது நிமிடம்
கவிழ்த்த பெட்டிகள்மேல் நாங்கள் இருவரும்.
இரும்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து
நேராக வந்திருந்தார் கோச்சா.
இருமல் முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டார்.
"இருமலாம், அதற்குக் காது கிடையாது" என்றேன்.
அதையும் கிசுகிசுத்துத்தான் சொன்னேன்.

கியர் தண்டின் சிவப்பு விளக்கு அணைந்தது.
இருக்கைக்கு அடியில் ஒரு 'டிக்'.
ரேடியோவின் சின்ன விசிறி
சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.
மீட்டரில் பதினொன்று, நான்கு, இரண்டு,
ஒன்றரை ஆம்பியர்.
ஒன்றரையிலேயே நின்றது.
எல்லாம் படுத்துவிட்ட வீட்டில்
ஒருவர் மட்டும் நடமாடுகிறார்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
விளக்கு இல்லை. பம்ப் இல்லை.
கதவு மோட்டார்மேல் பந்தயம் கட்டியிருந்தேன்,
அதுவும் இல்லை.
டிக்கியின் இடது ஓரம், துணிக்குப் பின்னால்,
உள்ளங்கையளவு பெட்டி, வெதுவெதுப்பாக.
வயரைக் கழற்றினேன்.
முப்பது மில்லி ஆம்பியர்.
கார் தூங்கிவிட்டது.

"என்ன அது?"
போன், என்றேன்.
விபத்து நடந்தால் தானாக உதவி கேட்கும் போன்.
அது தேடுகிற நெட்வொர்க்கை
அங்கேயே மூடி வருடங்களாகின்றன,
இங்கே இருந்ததே இல்லை.
சில நொடிக்கொரு முறை
யாராவது இருக்கிறீர்களா என்கிறது.
பதில் இல்லை. மறுபடி.

கோச்சா பெட்டியைக் காதருகே வைத்துப் பார்த்தார்,
பிறகு வெட்கப்பட்டவர்போல் இறக்கினார்.
"இடித்த அன்று கூப்பிட்டிருக்குமா?"

பதினேழு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
மல்டிமீட்டரை வைத்து அதை அளக்க முடியாது.
தெரியாது, என்றேன்.

அவரே போய்ச் சாவி வாங்கிவந்தார்,
கக்கத்தில் இரண்டு சூடான நீள ரொட்டிகள்.
தெருவைக் கடக்கும்போதே கார் கண் திறந்தது.
திரையில் ஏழு எச்சரிக்கைகள்,
எல்லாம் ஜெர்மனில், எல்லாம் உண்மை.
"இந்த மஞ்சள் விளக்கையும் கழற்றிவிடேன்,
விற்கும்போது உதவும்."
முடியும், என்றேன். கழற்ற மாட்டேன்.
சிரித்தார். பாதிப் பணம் தந்தார்.

பெட்டி என் அலமாரியில் இருக்கிறது,
மின்சாரம் இல்லாமல்.
உதிரிபாகமாகக்கூட யாரும் வாங்க மாட்டார்கள்.

இன்று திங்கள். ஏழு மணிக்கு
தெருமுனையில் அந்த இன்ஜின் சத்தம் கேட்டது.
எட்டிப் பார்த்தேன்:
இடது பக்கம் சாய்ந்தபடியே,
மூன்றாவது கியரில்,
ரஷ்யப் பாட்டொன்றை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு
போகிறார்.