பல்லுக்கு உறுதி

பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றார்கள்.
இருந்தேன்,
நான்கு வருடம், தூக்கத்திலும்.
கடைவாயில் இரண்டு பல் தேய்ந்துவிட்டதாக
மருத்துவர் ஹல்ஷ்கா சின்னக் கண்ணாடியில் காட்டினார்.
இரவில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை,
நானூற்று எண்பது ஸ்லோட்டி.

அதே அறையில்
கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டும் கூண்டில்
பல் வளர்ந்துகொண்டே இருக்கும் இரண்டு பேர்.
ஷார்லோட்கா என்றால் ஆப்பிள் கேக்,
க்ளூஸ்கா என்றால் மாவுருண்டை.
பெயர் வைத்த அன்று
என் மகன் இக்னாட்ஸிக்கு நல்ல பசி.
அவன் வாரத்தில் மூன்று நாள் இங்கே.
சின்சில்லாக்கள் ஏழு நாளும்.

லுப்லினில் இரண்டாம் மாடி.
கூடத்தில் ஹீட்டர் கொதிக்கும், அந்த ரோமத்துக்கு ஆகாது.
ஆகவே சில்லென்றிருக்கும் என் படுக்கையறைதான்
அவற்றின் மலை.

தேயாத பல் வளைந்து கன்னத்தைக் குத்துமாம்.
பிறகு வைக்கோலும் இறங்காதாம்.
அதனால் கடித்தன:
சார்ஜர் வயரை, செம்பு தெரிய.
பள்ளி அட்லஸில் தென் அமெரிக்காவை,
சரியாக ஆண்டிஸ் பக்கமிருந்து தொடங்கி.
நீதிமன்றத்துக் கடிதத்தின் ஓரத்தை
(அதை மட்டும் நான் மெதுவாகத்தான் பிடுங்கினேன்).
ஒருநாள் ஜன்னல் விளிம்பின் பழைய வெள்ளைப் பெயிண்டை.
ஈயம் இருக்குமோ என்று
அன்று முழுக்கப் புழுக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடையில் ரோஸ் நிற மர பொம்மை விற்றார்கள்.
எந்த மரம் என்றேன்.
மரம் என்றார்கள்.
பசை எதில் செய்தது என்றேன்.
அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

பிப்ரவரியில், ரயில் பாதைக்கு அப்பால் தோட்டத் துண்டுகளில்
திரு. யரோஷ் கவாத்து செய்துகொண்டிருந்தார்.
பனியின் மேல் கிளைக் குவியல்.
மருந்து அடித்தீர்களா?
“எனக்கே மருந்து வாங்கக் காசில்லை, மரத்துக்கா?”
ஆனால் ஆப்பிளோடு செர்ரியும் கலந்து கிடந்தது.
கொட்டைப் பழ மரம் எதுவும் கூடாது, நஞ்சு.
இலை இல்லாத மாதத்தில்
கிளை தன் பெயரைச் சொல்லாது.
குந்தி உட்கார்ந்து பிரித்தோம்:
பளபளப்பாக, குறுக்கே கோடு கோடாக இருந்தால் செர்ரி.
மங்கலாக, முண்டும் முடிச்சுமாக இருந்தால் ஆப்பிள்.
சந்தேகமானது அவர் அடுப்புக்கு.
“எத்தனை ஆடு?” என்றார்.
ஆடு இல்லை. இரண்டு, இவ்வளவுதான் இருக்கும்.
“எங்கே கட்டியிருக்கிறாய்?”
படுக்கையறையில்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு ஒன்றும் கேட்காமல்
விரல் தடிமனில் இன்னும் ஆறு கிளை வெட்டிக் கொடுத்தார்.

தேய்த்துக் கழுவி, வெந்நீர் ஊற்றி,
அவனில் சின்னச் சூட்டில் உலர்த்தினேன்,
கதவை ஒரு கரண்டி வைத்துத் திறந்தபடி.
கீழ்வீட்டுத் தெயோஃபிலா மேலேறி வந்து
என்ன கேக் என்று கேட்டாள்.
குச்சி என்றேன்.
கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆலும் வேலும் முளைக்காத ஊரில்
ஆப்பிளும் வில்லோவும் பல்லுக்கு உறுதி.

அன்றிரவு விளக்கணைத்ததும் தொடங்கியது.
கறுக். கறுக்.
நடுவில் நிறுத்தி, திருப்பிப் பிடித்து, மறுபடி கறுக்.
பட்டையை உரிக்கும் சத்தம் வேறு,
கட்டையைக் கொறிக்கும் சத்தம் வேறு.
எது யார் என்று பிரித்துக் கேட்கப் பார்த்தேன்.
எப்போது தூங்கினேனோ.

காலையில் கூண்டுக் கதவு திறந்து கிடந்தது.
தாழ்ப்பாளை மறந்திருக்கிறேன்.
மாட்ட மறந்த உறையும் தரையில் கிடந்தது,
பட்டை உரிந்த வெள்ளைக் குச்சி ஒன்றின் பக்கத்தில்.
பிளாஸ்டிக்கைத் தின்றிருந்தால்?
பதறி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
புதிதாக ஒரு கீறலும் இல்லை.
அதிலிருந்த பல் தடமெல்லாம்
என்னுடையவை.