நடுப்புள்ளி

கொருக்குப்பேட்டை கேட்டை ஒட்டின கடை.
நம்பர் பிளேட், கட்சிப் பலகை, கண்ணீர் அஞ்சலி
எல்லாம் வெட்டிய மெஷின்தான்.
இந்த வாரம் புதுப் பாடம் அதற்கு:
ஒன்றரை மில்லி துளை,
குழிக்கொரு கடுகளவு மணி,
பாதி உள்ளே, பாதி வெளியே.

முதல் பலகையில் ஆழம் கூடி
மணியெல்லாம் முழுகிப்போனது.
அடுத்ததில் மேலோட்டம்,
ஊதினால் உருண்டு மேசைக்கடியில்.
பிட்டை மாற்றி, பில் தாளொன்றைக் கீழே நுழைத்து,
உரசியும் உரசாத இடத்தில்
பூஜ்யம் வைத்தேன்.

மூன்றாவது கச்சிதம்.
படமெடுத்து அனுப்பியும்விட்டேன்.

மூலக்கொத்தளத்திலிருந்து ஷேர் ஆட்டோவில்
வந்திறங்கினார் டெல்பின் அக்கா.
கைக்குட்டையில் விரலைத் துடைத்து
இடமிருந்து வலம் ஒரே ஓட்டம்.
நின்றார். திரும்பப் போனார்.

"ஆஸ்பத்திரிக்குத்தானே இது?"
"ஆமாக்கா. குழந்தைகள் நலம்."
"நகம்னு இருக்கு."

முதலில் சிரித்ததும் அவர்தான்.
மூன்று புள்ளி நெடுக்காக நின்றால் ல,
நடுவில் ஒன்று உதிர்ந்தால் க.
பத்து தடவையாவது பார்த்திருப்பேன் அந்த இடத்தை.

மெஷினைத் திட்ட வாயெடுத்தேன்.
டீ டம்ளரில் வளையம் வளையமாய் நடுக்கம்.
கூட்ஸ் வண்டி.
"அதோ போகுது பாரு
உன் எழுத்துப்பிழை" என்றார்
தரையில் பாதம் பதித்தபடி.

இப்போது
கேட் திறந்து லாரிகள் நகரும்போது மட்டும்
துளை போடுகிறேன்.
மணி அடித்து மூடினால் கையை எடுத்துவிடுகிறேன்.

உதிர்ந்த அந்த ஒன்று
பெருக்கியும் அகப்படவில்லை.
டார்ச் அடித்தும் பார்த்தாயிற்று.
செருப்பை வாசலில் விட்டுவிட்டு
நடக்கிறேன் கடைக்குள்.