மெற்றில்டா ஒட்டிய பச்சை

முகத்துவாரம் சனசமூக நிலையத்தில்
கரம் போர்டை ஓரமாகச் சாய்த்துவிட்டு
சுவரில் பழுப்புத் தாள் ஒட்டினேன், பன்னிரண்டு அடிக்கு.
கோடு ஒன்று இழுத்தேன், இடமிருந்து வலமாக.
வாசல், நம்பர், காத்திருப்பு, டொக்டர், மருந்து, வாசல்.
ஆறு பெட்டி.
நோகும் இடத்தில் சிவப்பு ஒட்டுங்கள்,
நிம்மதியான இடத்தில் பச்சை என்றேன்.
எனக்குத் தந்த பயிற்சியில் அப்படித்தான்.

சீனி வருத்தக்காரர் ஒன்பது பேர்.
எட்டுப் பேர் பேசிக்கொண்டிருக்கையில்
மெற்றில்டா எழும்பி வந்து
என் முதல் பெட்டிக்கு முன்னால், வெறுந்தாளில், விரலை வைத்தாள்.
"இங்க மூணரை மணி, மிஸ்."

முடுக்கில் பதினேழு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ்;
மூணரைக்கு எழும்பினால் லைன் இல்லை.
இரத்தம் கொடுக்க வெறும் வயிறு வேண்டும்,
மகனுக்குச் சோறும் கட்ட வேண்டும்,
ஆகவே உப்புப் பார்க்காமலே கறி இறக்க வேண்டும்.
எழுதினேன். கோடு இடப்பக்கம் வளர்ந்தது
சுவிட்ச் போர்டைத் தாண்டி, ஜன்னல் வரைக்கும்.

காத்திருப்புப் பெட்டி எனக்குத் தெரிந்தது.
ஐந்து மணித்தியாலம் நாற்பது நிமிடம்,
மூன்று மாதம் கடிகாரம் பார்த்து எழுதினது.
அங்கே குவியும் என்று
சிவப்பில் இரண்டு கட்டு அதிகமாகவே வாங்கியிருந்தேன்.

மெற்றில்டா அங்கே பச்சை ஒட்டினாள்.

மாறி ஒட்டுகிறீர்கள் அக்கா, என்றேன்.
எனக்கா நிறம் தெரியாது என்பதுபோல் பார்த்தாள்.
"மாசத்துல அந்த ஒரு நாள்தான் மிஸ் நான் இருக்கிறது.
மேல ஃபேன் சுத்தும். பக்கத்துல வனாத்தமுல்ல சுமனாவதி.
அவ சிங்களத்துல அவட மருமகளத் திட்டுவா,
நான் தமிழ்ல என்ட மகனத் திட்டுவேன்.
ஒருத்தரும் எங்கள எழும்பச் சொல்ல மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.
அந்தப் பெட்டியைச் சிறிதாக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அப்போது சிவப்பு?
கடைசி வாசலுக்கும் அப்பால், தாள் முடிந்து
சுண்ணாம்புச் சுவரிலேயே ஒட்டினாள்.
பசை பிடிக்கவில்லை; உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே சொன்னாள்.

ஊசி மருந்து குளிரில் இருக்க வேண்டும்.
பிரிட்ஜ் இருப்பது நிஸ்தார் நானாவின் கடையில்.
ஐஸ்பக்கெட்டுக்கும் யோகட் கோப்பைகளுக்கும் நடுவே
பிளாஸ்டரில் பேனையால் பெயர் எழுதிய
சின்னப் போத்தல் ஒன்று.
நானா நல்லவர். காசு வாங்குவதில்லை.
ஆனால் கடைக்குக் கதவு உண்டு.
விடிய எட்டுக்கு முன் திறக்காது,
பெருநாளைக்கு மூன்று நாள் திறக்காது,
நானாவின் வாப்பா மௌத்தானபோது ஒரு கிழமை திறக்கவில்லை.
அந்தக் கிழமையின் கணக்கைக்
கிளினிக் கொப்பியில் டொக்டர் வட்டமிட்டு
'ஒழுங்காக ஊசி போடுவதில்லை' என்று எழுதினார்.
"மையித்து வீட்டுக் கதவத் தட்டி
என்ட போத்தலத் தாங்கன்னு கேக்கலாமா, மிஸ்?"

என்னிடம் அதற்குப் பெட்டி இல்லை.

அடுத்த மாதம், மேசையைச் சுற்றி உத்தியோகத்தர்கள்.
தாளை விரித்தேன்; நீளம் போதாத மேசை,
மீதி தரையில் விழுந்தது.
வாசலுக்கு வெளியே எங்கள் பொறுப்பில்லை என்றார் ஒருவர்.
பிழையில்லை, சுற்றறிக்கை அப்படித்தான்.
டொக்டர் விஜேகோன் மட்டும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
வட்டமிட்ட பக்கத்தைக் கேட்டு வாங்கினார்.
தன் கையெழுத்தைத் தானே வாசித்தார்.
பிறகு சிங்களத்தில் ஒரே கேள்வி:
அந்தக் கடைக்கு இரண்டாவது சாவி இருக்கிறதா?

இப்போது நேரத் துண்டு கொடுக்கிறோம்.
காத்திருப்பு இரண்டு மணித்தியாலம்,
அறிக்கையில் அழகாக இருக்கிறது.
மெற்றில்டாவின் துண்டில் பத்தரை.
அவள் ஆறரைக்கே வந்து ஃபேனுக்குக் கீழே இருக்கிறாள்,
சுமனாவதிக்குக் கைப்பையால் இடம் பிடித்துவைத்து.
அந்த வாங்கை எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
பதில் இன்னும் வரவில்லை.

சாவி அவள் கழுத்தில், சுரூபக் கயிற்றோடு.
வெட்டுவித்துக் கொடுத்தது நானாவின் மகன்.
எத்தனை தரம் திறந்தீர்கள் என்று போன கிழமை கேட்டேன்.
"ஒருக்காவும் இல்ல, மிஸ்,"
என்றவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச்
சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.