பச்சைப் படகு

மூன்று நாளாய்க் குப்புறக் கிடக்கிறது தேசம்
என் மேசைமேல்.
இரண்டு ஆள் உயரம், ஐந்து ஆள் நீளம்.
முதுகின்மேல் வலை போர்த்தி
மெல்லத் தூசி உறிஞ்சுகிறேன்.

முன்பக்கம் வெளிறிவிட்டது.
நூற்றுச் சொச்சம் வருட வெயில்.
நார்வே வெயில்தான், என்றாலும் வெயில்.
பின்பக்கத்தில் மட்டும்
நேற்றுத்தான் தொட்டியிலிருந்து தூக்கியதுபோல்
மஞ்சிட்டிச் சிவப்பு.

தொள்ளாயிரத்து ஐந்தில்
சுவீடனோடு பாகப்பிரிவினை முடிந்ததும்
நகர்மன்றத்தார் கூடினார்கள்.
வீடு தனியாகிவிட்டது, சுவரோ வெறுஞ்சுவர்.
அரசன் ஒருவன் வேண்டும் நெய்த துணியில்,
அறுநூறு வருடம் பழையவனாய்,
அடுத்த மே மாதத்துக்குள்.

ஓவியர் மியூனிக்கில் படித்தவர்.
கமிட்டி அவருக்கு எழுதிய கடிதம் கோப்பில் இருக்கிறது:
‘குதிரை ஜெர்மன் குதிரையாகத் தெரிகிறது.
பிடரியைக் குட்டையாக்கவும்.
கால்களில் கொஞ்சம் நம் மலை தெரியட்டும்.’

நெய்தவள் ஓலாவா ஷெல்ஸ்டாட்.
கூட இரண்டு பெண்கள்,
கூலிச் சீட்டில் முதலெழுத்து மட்டும்.
படத்தைப் பக்கவாட்டில் கிடத்தித்தான் நெய்தார்கள்.
ஆகவே பதினான்கு மாதம்
(மே வந்தது, போனது)
காய்ச்சல்காரனைப்போல் ஒருக்களித்தே கிடந்தான் அரசன்.
கடல் செங்குத்தாய் நின்றது.
படகுகள் பல்லிகளாய்ச் சுவரேறின.
தறியிலிருந்து அறுத்து இறக்கும் நாள்வரை
தேசத்தை நிமிர்த்தி
அவள் பார்த்ததேயில்லை.

நான்காவது படகில் பழுப்பு நூல் தீர்ந்தது.
சாயக்காரன் கடன் மறுத்த வாரம்
(அதற்கும் ஒரு சீட்டு).
பழைய பாவாடை ஒன்றைப் பிரித்து
பச்சையில் முடித்தாள்.

திறப்பு விழாவில் பாதிரியார் சொன்னார்:
மூன்று படகுகள் நேற்றைய நார்வே,
பச்சைப் படகு நாளைய நார்வே.
கைதட்டல்.
பள்ளிப் பாடத்திலும் ஏறிற்று.
ஓலாவா எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாள்,
சிரித்தாளா,
கோப்பில் இல்லை.

நாற்பத்தொன்றில்
சாம்பல் சீருடையில் வந்த அதிகாரி
தொப்பியைக் கழற்றி வெகுநேரம் நின்றாராம்.
‘உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே பாட்டன்’ என்றாராம்.
குதிரையை மிகவும் பிடித்ததாம்.

அன்றிரவே சுருட்டிக் கொண்டுபோய்
ஹெர்ரிங் மீன் பீப்பாய்களுக்கு நடுவே ஒளித்தார்கள்.
நான்கு குளிர்காலம்.
மழை நாளில் இன்றும் அரசவையில்
உப்புமீன் வாடை.

போன மாதம் இரண்டு கட்சிகள் படம் கேட்டன,
துண்டறிக்கைக்கு.
ஒன்றையொன்று முகம் பார்க்காத கட்சிகள்.
இரண்டும் கேட்டது பச்சைப் படகை.

அதில்தான் பூச்சி அரித்திருக்கிறது,
கட்டைவிரல் அகலத்துக்கு.
நூல் தேடி அலமாரியைக் குடைந்தோம்
நானும் இங்வில்டும்.
எந்தப் பச்சை?
ஊர் நூறு வருடமாய்ப் பார்த்துவரும்
தண்ணீர்ப் பச்சையா,
பின்னால் பாவாடையாகவே இருக்கும் பச்சையா?

விதி தெளிவானது.
கண்ணுக்குத் தெரிவதோடுதான் பொருத்த வேண்டும்.
பொருத்தினேன்.
பதினோரு தையல்.
பின்பக்கத்திலிருந்து பார்த்தால்
அந்தப் பதினொன்றும் தப்பாகவே தெரிகின்றன.

இங்வில்ட் காபி கொண்டுவந்தாள்.
கை கழுவிவிட்டுக் குடித்தேன்,
விரலில் மீன்.