பந்து காற்றில் இருக்கும்போது

டண்டீயில், மீன்கடைக்கு மேல்மாடி.
ஐந்து பேர், நான்கு நாற்காலி.
ஜன்னலுக்கு வெளியே டே ஆறு
ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல் கிடக்கும்.
ஒன்பது மாதமாய் அங்கே
ஒரே ஒரு பந்தை உருட்டிக்கொண்டிருந்தோம்.

லாக்லன் புல்லை இழை இழையாக வரைந்தான்.
மட்டை பட்டால் மணல் தெறிக்கும்.
மேகத்தின் நிழல் மேடேறி இறங்கும்.
எல்லாம் இருந்தது.
இரண்டாம் முறை ஆடத்தான்
ஒருவருக்கும் கை வரவில்லை.

ஆடிப் பார்த்துச் சொல்ல சேங்கா வந்தாள்.
மருத்துவமனையில் இரவு வேலை.
காலை எட்டரைக்கு வந்து, காலணியை உதறிவிட்டு,
பன்றிக்கறி வைத்த ரொட்டியைத் தின்றபடியே
எண்ணெய் விரலோடு கன்ட்ரோலரை எடுத்தாள்.
"கால்ஃபா? என் பழைய புருஷனைப் பிடித்திருந்த நோய் அது."

முதல் அடி.
பந்து நேராகத்தான் போனது.
பாதி வானத்தில் காற்று மனம் மாறி
அதைக் கடலில் தள்ளியது.
அவள் கன்ட்ரோலரை மேசையில் வைத்தாள்.
"உங்க காற்று பொய் சொல்லுது."

உண்மைதான்.
பூஜ்யத்துக்கும் இருபதுக்கும் நடுவில்
ஏதாவது ஓர் எண்:
ஒற்றை வரியில் எழுதி முடித்திருந்தேன்.
காற்று என்று நான் பெயர் வைத்தது
பகடைக்கு.

பாலம் கடந்து பேருந்தில் ஃபைஃப் கரைக்குப் போனேன்.
எனக்கு ஆடத் தெரியாது.
மைதானத்தின் வேலியோரம் நின்றேன்,
மூக்கு ஒழுக, மூன்று மணி நேரம்.
காற்று திடுதிப்பென்று வருவதில்லை.
முதலில் தூரத்துக் கோரை குனிகிறது,
பிறகு ஒரு காகம் ஒரு சிறகைத் தாழ்த்துகிறது,
கொடித்துணி ஒரு முறை இழுத்துப் பார்க்கிறது,
அதற்குப் பிறகுதான் முகத்தில் அறை.
ஒருவன் ஒரு சிட்டிகை புல்லைக் கிள்ளி மேலே எறிந்தான்.
அது அவன் சட்டையிலேயே விழுந்தது.
மட்டையை மாற்றிக்கொண்டான்.

திரும்பி வந்து
லாக்லனின் புல்லுக்கு வேலை கொடுத்தேன்.

சேங்கா இப்போது காத்திருந்தாள்.
கோரை குனிந்து நிமிரும்வரை
ரொட்டியை மெல்லக்கூட இல்லை.
மூன்று அழுத்தம்:
தொடங்க ஒன்று,
வலுவுக்கு ஒன்று,
நேருக்கு ஒன்று.
அவ்வளவுதான். இனி அவள் கையில் ஒன்றுமில்லை.
பந்து காற்றில் இருக்கிறது.
நான்கு விநாடி.
கட்டைவிரல் பட்டனிலேயே உறைந்திருக்க
உடம்பு மட்டும் இடப்பக்கம் சாய்கிறது,
சாய்ந்தால் பந்து கேட்கும் என்பதுபோல.

மணலில் விழுந்தது.
"ச்சே! நான்தான்," என்றாள். சிரித்தாள்.
"இன்னொரு தரம்."

அந்த 'நான்தான்' என்பதை
மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.
இஷ்பெல் அதன் மேலேயே கோட்டை மாட்டுவாள்.

இஷ்பெலுக்கு வேறு கவலை.
குழியில் பந்து விழும் ஓசை.
நிஜக் குழியில் நிஜப் பந்தைப் போட்டுப்
பதினேழு முறை பதிவு செய்தாள்.
பதினேழும் செத்த ஓசை.
ஒரு நாள் சேங்கா கைகழுவப் போகுமுன்
மருத்துவமனை அலமாரிச் சாவியைக்
காலித் தேநீர்க் கோப்பையில் போட்டாள்.
டொக்.
பிறகு ஒரு சின்னக் கிலுகிலு.
ஹெட்ஃபோனைக் கழற்றாமலே
இஷ்பெல் கையைத் தூக்கினாள்.
"மறுபடி போடு."

பிப்ரவரி. இன்னும் விடியவில்லை.
ஏழாவது குழி, தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டியது,
சேங்காவுக்கு இதுவரை வசப்படாதது.
அடித்தாள். தண்ணீர் தாண்டியது. உருண்டது.
மெல்ல, மெல்ல,
விளிம்பில் நின்றது.

இரண்டு விசை தட்டினால்
நான் அதை உள்ளே தள்ளிவிடலாம்.
கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

திரையின் கடைக்கோடியில்
கோரை குனியத் தொடங்கியது.
நாற்காலி கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்
எல்லோரும்
இடப்பக்கம் சாய்ந்திருந்தோம்.