வலிக்கு முன்

"ரிதெனவத?" என்றாள் நர்ஸ்.
"நே" என்றேன்.
வலிக்கவில்லை.
பிறகு எதற்கு வந்தீர்கள் என்று
அவள் கேட்கவில்லை. கேட்டது
வாங்கில் எனக்குப் பக்கத்தில்
கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த மனிதர்.

பதினாலு மாதம். எட்டுப் பல்.
குடும்பநல மாது பதிவேட்டில்
வட்டம் போட்டு அனுப்பிய தேதி.
அரைநாள் சம்பளம் போச்சு.

பல் டொக்டர் என்றால் எங்களுக்குக் குறடு.
மஸ்கெலியாவில் என் கடைவாய் இரண்டும்
அப்படித்தான் போயின.
பிடுங்காத டொக்டரை இன்றுதான் பார்க்கிறேன்.

பஞ்சிகாவத்தைக் கடையில் ஒன்பது வருசம்.
கிளச் பிளேட், பிரேக் சூ, தேய்ந்த பேரிங்,
எந்தச் சாமானுக்கும் சிங்களம் வரும்.
ஈறுக்கு வராது.
டொக்டர் தன் ஈறைத் தொட்டுக் காட்டினார்.
நான் என் ஈறைத் தொட்டேன்.
ரஞ்சிதமும் தொட்டாள்.
மூன்று பெரியவர்கள் வாயில் விரலோடு நிற்க
மகன் சிரித்துவிட்டான்.
அந்தச் சிரிப்பில்தான் தெரிந்தது
மேல்பல் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போல
ஒரு வெள்ளை.

ராவில் போத்தலா?
ஆமா.
சீனி?

ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள்.
எப்படிச் சொல்வது,
கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை,
பலகைத் தடுப்பு,
அந்தப் பக்கம் ஷிப்ட் முடிந்து தூங்கும்
வீட்டுக்காரர் மகன் ருவன்.
புள்ள அழுதால் பலகையில் இரண்டு தட்டு.
மூன்றாவது தட்டுக்கு
வேறு அறை தேட வேண்டியதுதான்.
அந்தச் சீனி
வாடகைக்கு மேல் நாங்கள் கட்டும் வாடகை.

"ரெண்டு கரண்டி" என்றாள்.
உண்மையை. தமிழில்.
டொக்டர் எழுதவந்த பேனையை மூடிவிட்டு
தனக்குத் தெரிந்த தமிழைத் தேடி எடுத்தார்:
"அம்மா, தண்ணி. மெதுவா மெதுவா."
பிறகு ஒரு சின்னத் தூரிகையால்
எட்டுப் பல்லுக்கும் ஏதோ பூசினார்.
துரு பிடிக்குமுன் நாங்கள் அடிக்கும் பெயின்ட் மாதிரி
என்று நினைத்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.

சாயந்தரம் ருவனின் கதவை நானே தட்டினேன்,
அவன் பலகையைத் தட்டுமுன்.
இதற்கு எனக்குச் சொல் இருந்தது.
சீனி நிறுத்துகிறோம், மல்லி,
கொஞ்ச நாள் அழுவான்.
"எத்தனை நாள்?"
பத்து என்றேன்.
ஆறு என்றான்.
கடையில் பேரம் பேசுகிற ஆள்தான் நானும்,
எட்டில் முடித்தேன்.

இது நாலாவது ராத்திரி.
மணி மூன்று. பலகை சும்மா இருக்கிறது.
ரஞ்சிதம் தண்ணீர்ப் போத்தலை நீட்ட
தட்டிவிட்டுக் கத்துகிறான்.
போன் வெளிச்சத்தில்
எட்டுப் பல்லும் தெரிகிறது.